வால்வு மாற்றியவர் பல் எடுக்க வேண்டும்: அசிட்ரோம் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி இது: “அம்மாவுக்கு 54 வயது. ஆறு வருடத்துக்கு முன் இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ராத்திரி அசிட்ரோம் சாப்பிடுகிறார். இப்போது கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் கோத்திருக்கிறது. மேலே இரண்டு பல் ஆடுகிறது, அவற்றையும் எடுக்க வேண்டுமாம். பல் டாக்டர் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். ஹார்ட் டாக்டர் நிறுத்தவே கூடாது என்கிறார். உறவினர் ஒருவர், ஆஸ்பத்திரியில் சேர்த்து ஹெப்பாரின் ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

ஹார்ட் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அம்மா மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பற்களை எடுக்கலாம். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேரவும் தேவையிருக்காது. ஆனால் அதற்கு முன்னேற்பாடுகள் உண்டு. வாய், முக அறுவை சிகிச்சை செய்கிறவன் என்ற முறையில் அவற்றை விரிவாகவே சொல்கிறேன். “நிறுத்தாதீர்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நீங்கள் திரும்பவும் அதே பல் டாக்டரிடம் போய், அதே பதிலைக் கேட்டுக்கொண்டு வருவீர்கள்.

முதலில், அந்தப் பல் டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பார்ப்போம். அவர் அக்கறையில்லாமல் சொல்லவில்லை. எங்களுக்கு முந்தைய தலைமுறைக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வந்தால், நிறுத்தச் சொல், பிறகு பல்லைத் தொடு. கிளினிக்கில் தனியாக இருக்கிற டாக்டருக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு நிற்காமல் ரத்தம் ஒழுகும் நோயாளியை நினைத்தாலே பயம் வரும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் எது பெரிய ஆபத்து என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது விடை வேறு மாதிரி வந்தது. மைக்கேல் வால் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், அதுவரை வெளியான ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2000ல் ஒரு கட்டுரை எழுதினார். மாத்திரையை நிறுத்தாமலே பல் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 950 பேருக்கு மேல். மொத்தம் 2,400க்கும் அதிகமான சிகிச்சைகள். அதில் வாய்க்குள் செய்கிற வைத்தியத்தால் ரத்தத்தை நிறுத்த முடியாமல் போனது 12 பேருக்கு மட்டும். மறுபக்கம், 526 பேர் 575 தடவை மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் 5 பேருக்கு ரத்தக்கட்டி போய் அடைத்து விபரீதமாகி, 4 பேர் இறந்துபோனார்கள்.

இதில் 4 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அவர்கள் பல் பிடுங்கப் போய் இறந்தவர்கள். பல் பிடுங்கிய குழியிலிருந்து வரும் ரத்தம் தொந்தரவு தரும், பயமுறுத்தும், ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், விரல் எட்டுகிற இடத்தில் வருகிறது. எலும்புக்குள் இருக்கிற ஒரு சின்னக் குழி அது. அடைக்கலாம், தைக்கலாம், கடித்து அழுத்தலாம். வால்வில் உருவாகும் கட்டியை எந்த விரலாலும் அழுத்தி நிறுத்த முடியாது. அது மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்விலேயே உட்கார்ந்துவிட்டால் வால்வு திறந்து மூட முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

உங்கள் அம்மா விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இரண்டு காரணம். வைத்திருப்பது மெட்டல் வால்வு, அதுவும் மைட்ரல் இடத்தில். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வு இடத்தில் அது வேகமாகப் பாய்ந்து போகும். மைட்ரல் இடத்தில் அவ்வளவு வேகம் இல்லை, அதனால் கட்டி சேர வாய்ப்பு அதிகம். அமைதியான அறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வால்வு மூடும்போது ‘டிக், டிக்’ என்று கேட்கும், கவனித்திருப்பீர்கள். வால்வில் கட்டி சேரும்போது சிலருக்கு அந்தச் சத்தம் மங்கிப்போகும், கூடவே மூச்சு வாங்கும். மாத்திரை விட்டுப்போன யாருக்காவது இப்படி ஆனால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே இதய சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது காரணம், அந்த மாத்திரையின் குணம். வார்ஃபரினும் அசிட்ரோமும் ஒரே வேலையைச் செய்பவை: ஈரலில் வைட்டமின் கே உதவியால் தயாராகும் உறைதல் புரதங்களைக் குறைப்பது. ஆனால் வார்ஃபரின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும், அசிட்ரோம் சீக்கிரம் வெளியேறிவிடும். ‘ஐந்து நாள்’ என்ற கணக்கு வார்ஃபரினுக்கு வந்தது. அசிட்ரோமை ஐந்து நாள் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளிலேயே அதன் பாதுகாப்பு போய்விடும். திரும்ப ஆரம்பித்தாலும் மறுநாளே பழைய அளவுக்கு வராது, பல நாள் எடுக்கும். ஆக, ஐந்து நாள் என்று சொல்லி ஆரம்பித்தது, வால்வுக்குப் பாதுகாப்பே இல்லாத ஒரு வாரமாகவோ அதற்கு மேலாகவோ முடியும்.

சரி, அப்படியானால் மாத்திரையோடு எப்படிப் பாதுகாப்பாக எடுப்பது? எல்லாம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற பரிசோதனையில் ஆரம்பிக்கிறது. அம்மாவுக்கு இது பழகிய விஷயம், மாதாமாதம் பார்த்துக் குறித்து வைத்திருப்பார். மாத்திரை எதுவும் சாப்பிடாத ஒருவருக்கு அது 1ஐ ஒட்டி இருக்கும். மைட்ரல் மெட்டல் வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2.5லிருந்து 3.5க்குள் வைத்திருப்பார்கள். பல் எடுப்பதற்கு நாங்கள் பார்க்கும் எல்லை 4. அதற்குக் கீழே இருந்தால், சாதாரணமாகப் பல் எடுக்கலாம் என்பது பிரிட்டனில் பல வருடமாக நடைமுறையில் உள்ள வழிகாட்டல். ஸ்காட்லாந்தின் பல் மருத்துவ வழிகாட்டுக் குழு 2015ல் வெளியிட்டு, 2022ல் புதுப்பித்த கையேடும் இதையே சொல்கிறது. நான் பின்பற்றுவதும் அதைத்தான்.

எப்போது எடுத்த ஐஎன்ஆர் என்பதும் முக்கியம். போன மாத ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது உதவாது. பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பல மாதமாக ஏற்ற இறக்கம் இல்லாமல் நிலையாக இருக்கிறவர்களுக்கு மட்டும் 72 மணி நேரம் வரை ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்குச் சீழ் இருக்கிறது, சரியாகச் சாப்பிட முடியாமல் இருப்பார், ஒருவேளை ஏற்கெனவே ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்திருப்பார்கள். இந்த மூன்றுமே ஐஎன்ஆரை மாற்றக்கூடியவை. அதனால் முந்தின நாள் எடுத்த ரிப்போர்ட்தான் வேண்டும். நான் போன இரண்டு மூன்று தடவை வந்த எண்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். 2.8, 3.1, 2.9 என்று போகிறவருக்கும், 1.6, 4.5, 3.0 என்று ஆடுகிறவருக்கும் இன்றைய எண் ஒன்றாக இருந்தாலும் என் முடிவு ஒன்றாக இருக்காது.

ஐஎன்ஆர் 4க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பல் எடுக்கக் கூடாது. ஹார்ட் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்து, திரும்பப் பார்த்த பிறகுதான். அந்த அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம். இன்னொன்று, பல் எடுக்கப்போகிறோம் என்று முருங்கைக்கீரையையும் மற்ற கீரைகளையும் திடீரென்று அள்ளிச் சாப்பிடவும் வேண்டாம், திடீரென்று விட்டுவிடவும் வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். வழக்கமாக எவ்வளவு சாப்பிடுவாரோ அதே அளவு போதும்.

ஹெப்பாரின் ஊசி பற்றி உறவினர் சொன்னது. அதுவும் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்துதான். மாத்திரையை நிறுத்திவிட்டு, இடையில் ஊசி போட்டுச் சமாளிப்பது பழைய வழக்கம். 2015ல் வெளியான ‘பிரிட்ஜ்’ என்ற பெரிய ஆய்வில், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத 1,884 பேரைப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்குக் கட்டி அடைப்பு குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 1.3 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாகக் கூடியிருந்தது. அதில் மெட்டல் வால்வு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆனால் கனடாவிலும் இந்தியாவிலும் நடத்தி 2021ல் வெளியான இன்னொரு ஆய்வில் அவர்களையும் சேர்த்திருந்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் ஊசி தொடர்ந்ததால் பலன் இருந்ததாக அதிலும் தெரியவில்லை. இதெல்லாம் மாத்திரையைக் கட்டாயம் நிறுத்த வேண்டிய பெரிய ஆபரேஷன்களுக்கான விவாதம். ஒன்றிரண்டு பல் எடுக்க மாத்திரையை நிறுத்தவே போவதில்லை, அப்புறம் ஊசி எதற்கு?

ரத்தக்கசிவு பேச்சிலேயே எல்லாரும் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் எடுக்கும்போது வாயில் உள்ள கிருமிகள் ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அப்படி வரும் தொற்று, எண்டோகார்டைட்டிஸ், உயிருக்கே ஆபத்தானது. அதைத் தடுக்க, பல் எடுப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே தடவையாகக் கொடுக்க வேண்டும். அதாவது 500 மில்லிகிராம் கேப்சூல் நான்கு, ஒன்றாக. “நாலையும் சேர்த்தா?” என்று எல்லாரும் கேட்பார்கள். ஆமாம், சேர்த்துத்தான். பெனிசிலின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வேறு மருந்து உண்டு. முன்பு கிளிண்டாமைசின் கொடுப்பார்கள். அமெரிக்க இதய சங்கம் 2021லிருந்து அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தச் சீழ்ப் பல்லைப் பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் வால்வுக்கு நல்லதல்ல என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். கிருமிகளின் கிடங்காக ஒரு பல் வாயிலேயே இருக்கிறது. இதற்கிடையில் முகம் வீங்கினாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அது அவசரம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி பல் எடுக்கும் நாள். திங்கள் அல்லது செவ்வாய், காலையில் முதல் ஆளாக வரச் சொல்வேன். ஊசியில் மரத்துப்போகும் மருந்தோடு அட்ரினலினும் கலந்திருக்கும். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கிவைக்கும், எல்லாம் நின்றுவிட்டது போலத் தெரியும். சில மணி நேரத்தில் அதன் வேகம் தணியும்போதுதான் சிலருக்குத் திரும்ப ரத்தம் வரும். காலையில் எடுத்தால் அது மதியத்தில் தெரிந்துவிடும், நாங்கள் கிளினிக்கில் இருப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தால் நடுராத்திரியில் தெரியும், அடுத்த நாளும் விடுமுறையாக இருக்கும்.

மூன்று பல்லையும் ஒரே நாளில் எடுக்கலாமா? வழிகாட்டலின்படி, சாதாரணமாகக் கழன்று வருகிற ஒன்று முதல் மூன்று பல் வரை ரத்தக்கசிவு அபாயம் குறைந்த சிகிச்சைதான். ஆனாலும் நானாக இருந்தால் முதல் நாள் கீழே வலிக்கிற அந்த ஒரு பல்லை மட்டும் எடுப்பேன். அம்மாவின் ரத்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அதை வைத்து அடுத்ததைத் திட்டமிடலாம்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாகத் தாடையின் பின்பக்கம் ஆழமாக ஊசி போட்டு அந்தப் பக்கம் முழுவதையும் மரக்கச் செய்வோம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே ரத்தம் கட்டிக்கொண்டால் வெளியே தெரியாது, அழுத்தவும் முடியாது. அதனால் முடிந்தவரை பல்லை ஒட்டிய ஈறில் ஊசி போட்டு மரக்கச் செய்யப் பார்ப்போம். ஆர்டிகெய்ன் என்ற மருந்து இதற்கு நன்றாக உதவுகிறது. ஆழமான ஊசிதான் வேண்டும் என்றால், ஊசி ரத்தக்குழாயில் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகப் போடுவோம்.

பல்லை அவசரமில்லாமல், எலும்பையும் ஈறையும் கிழிக்காமல் எடுத்த பிறகு, குழியின் அடியில் இருக்கும் சீழ்ச் சதையை முழுவதும் சுரண்டி எடுப்பது முக்கியம். வீங்கிச் சிவந்த அந்தச் சதைதான் அதிகம் ரத்தம் கசிகிற இடம். அதைப் பாதி விட்டுவிட்டு மேலே எத்தனை பஞ்சு வைத்தாலும் கசிந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஜெலட்டின் பஞ்சோ, ஆக்ஸிடைஸ்டு செல்லுலோஸ் துணியோ குழிக்குள் வைத்து, இரண்டு பக்க ஈறையும் இழுத்துக் குறுக்காகத் தையல் போடுவோம். குழிக்குள் வைத்தது தானாகக் கரைந்துவிடும். இதற்கு மேல் மடித்த காஸ் துணியைக் கடித்துக்கொண்டு இருபதிலிருந்து முப்பது நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. சாதாரணமாக வருகிறவரைப் பஞ்சு கடிக்க வைத்து உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாவை அப்படி அனுப்ப விடாதீர்கள். ரத்தம் நின்றுவிட்டதை டாக்டர் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

வாய்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. எச்சிலில், உறைந்த கட்டியைக் கரைக்கும் சக்தி இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் ஆறுவதைவிட வாயில் கட்டி நிலைப்பது கஷ்டம். அதைத் தடுக்கத்தான் டிரானெக்சாமிக் ஆசிட். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் 1960களில் கண்டுபிடித்த மருந்து. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் இன்றும் அதையும் போடுகிறார்கள். வாய் கொப்பளிக்கும் 5 சதவீத மருந்தாக இது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் ஊசி மருந்து எந்த மருந்துக்கடையிலும் இருக்கும்: 5 மில்லி ஆம்பூலில் 500 மில்லிகிராம், அதாவது 10 சதவீதம். அதோடு 5 மில்லி சலைன் கலந்தால் 10 மில்லி, 5 சதவீதம், ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்தால், அதை வாயில் இரண்டு நிமிடம் அசையாமல் வைத்திருந்து, வேகமாகத் துப்பாமல் வாயைத் திறந்து வழியவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, இரண்டு நாள். வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது நன்றாகப் பயன்படுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவே கூடாது, இந்த மருந்தைத் தவிர. துப்பிக்கொண்டே இருப்பது, நாக்கால் குழியைத் துழாவுவது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, மூன்றுமே கட்டியைப் பிடுங்கிவிடும். ஆறின கஞ்சி, தயிர்சாதம், மோர் சாப்பிடலாம். சூடான காபி அன்றைக்கு வேண்டாம். வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் குறைந்தது ஒரு வாரம் நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கட்டும். அசிட்ரோமை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிட வேண்டும். அன்றைக்கு மட்டும் விடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், விடக் கூடாது.

எச்சில் இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிக் காட்டும். வாய் நிறைந்து நிறைந்து வந்தாலோ, குழிக்கு மேல் கறுஞ்சிவப்பாக ஈரல் துண்டு போலக் கொழகொழப்பான கட்டி பிதுங்கி நின்றாலோதான் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டி ரத்தத்தை நிறுத்தாது, அதன் அடியில் கசிந்துகொண்டே இருக்கும். சுத்தமான ஈரத் துணியால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு, புதுக் காஸை, இல்லையென்றால் சுத்தமான பருத்தித் துணியைக் கெட்டியாக மடித்துக் குழியின் மேலேயே படுகிற மாதிரி வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தபடி அரை மணி நேரம் விடாமல் கடிக்க வேண்டும். நிறையப் பேர் செய்கிற தவறு, துணியைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துக் கடிப்பது. அது குழியை அழுத்தவே அழுத்தாது. சரியாகக் கடித்தும் நிற்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அவர் கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல் எடுக்கும் முன்பே ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரத்தக்கசிவைவிட அதிகக் கவலை தருவது அதற்குப் பிறகு எழுதப்படும் மருந்துச் சீட்டு. நம் ஊரில் பல் எடுத்தால் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்று கை தானாக எழுதிவிடும். அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இதில் இரண்டு ஆபத்து. மெட்ரோனிடசோல், அந்த மாத்திரை உடம்பை விட்டு வெளியேறுவதைத் தடுத்து, சில நாளில் ஐஎன்ஆரை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். பல் எடுத்த அன்று நின்ற ரத்தம், நான்கைந்து நாள் கழித்து ஈறிலோ சிறுநீரிலோ வருவதற்கு இது ஒரு காரணம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃபுளூகொனசோல் எல்லாமே இந்த வகைதான். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகொனசோல் ஜெல்கூட அப்படித்தான்; ஜெல்தானே என்று நினைத்து யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் போன்ற வலி மாத்திரைகள், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் வேலையைக் கெடுத்து, வயிற்றிலும் புண்ணாக்கி, ரத்தக்கசிவைக் கூட்டும். அம்மாவுக்கு வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். மருந்துக்கடையில் ‘பாரசிட்டமால்தான்’ என்று சொல்லிக் கொடுக்கும் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. ஆன்டிபயாடிக் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருந்தால், எதுவாக இருந்தாலும், மூன்று நான்கு நாளில் ஒரு தடவை ஐஎன்ஆர் பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் கேள்வியைப் படிக்கிறவர்கள் எல்லாரும் அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களாக இருக்க மாட்டீர்கள் என்பதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின் மட்டும், அல்லது குளோபிடோக்ரல் மட்டும் சாப்பிடுகிறவர்கள் நிறுத்தவே தேவையில்லை. ஐஎன்ஆரும் தேவையில்லை, அது இந்த மாத்திரைகளைக் காட்டாது. ரத்தம் நிற்க வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகும், ஆனால் நிறுத்துவது அவர்களுக்குத்தான் மிகவும் ஆபத்து: ஸ்டென்டுக்குள் கட்டி அடைத்தால் பெரிய மாரடைப்பு. அமெரிக்காவின் இதய, பல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2007லேயே இதை எச்சரித்து அறிக்கை வெளியிட்டன. ஸ்டென்ட் வைத்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்தால், தள்ளிப்போடக்கூடிய பல் வேலையைத் தள்ளிப்போடலாம். தள்ள முடியாததை மாத்திரையோடு செய்யலாம்.

ஆஸ்பிரின் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். ‘கொலஸ்ட்ரால் மாத்திரை’ என்று காட்டும் ஈகோஸ்பிரின் ஏவி அட்டையில் அட்டார்வாஸ்டாட்டினோடு ஆஸ்பிரினும் இருக்கிறது. ஈகோஸ்பிரின் கோல்டில் குளோபிடோக்ரலும் சேர்ந்திருக்கிறது. அதனால் பல் டாக்டரிடம் போகும்போது வாயால் சொல்லாதீர்கள், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் என்ற, ரத்தம் உறையாமலிருக்கும் புதிய மாத்திரைகளுக்கும் ஐஎன்ஆர் உதவாது. இவை சில மணி நேரத்தில் வேலை செய்து, ஒரு நாளுக்குள் பெருமளவு தணிந்துவிடும். ஒன்றிரண்டு பல் சாதாரணமாக எடுக்க இவற்றையும் நிறுத்துவதில்லை. ஈறைத் திறந்து எலும்பை ராவி எடுக்கும் வேலை என்றால், இரண்டு வேளை சாப்பிடுகிற ஏபிக்ஸபானிலும் டாபிகாட்ரானிலும் அன்று காலை வேளையை மட்டும் விட்டு, ராத்திரி வேளையை வழக்கம்போலச் சாப்பிடுவார்கள். காலையில் ஒரே வேளை ரிவராக்ஸபான் சாப்பிடுகிறவர், அதை ரத்தம் நின்று குறைந்தது நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், குறிப்பாக டாபிகாட்ரானில். அவர்கள் டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர்கள் பல் எடுப்பதை டயாலிசிஸுக்கு மறுநாள் வைத்துக்கொள்வது வழக்கம்; டயாலிசிஸில் கொடுத்த ஹெப்பாரின் அதற்குள் போயிருக்கும். மெட்டல் வால்வு உள்ளவர்கள் மட்டும் இந்தப் புதிய மாத்திரைகளுக்கு மாற நினைக்கவே வேண்டாம். டாபிகாட்ரானை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கட்டி அடைப்பும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எல்லாவற்றையும் பக்கத்துக் கிளினிக்கிலேயே செய்யலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஈரல் பாதித்தவர்கள், பிளேட்லெட் குறைந்தவர்கள், ஐஎன்ஆர் அடங்காமல் ஆடுகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள், எலும்பில் புதைந்த ஞானப்பல் எடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கோ அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ போவது நல்லது. உங்கள் பல் டாக்டர் தயங்கினால் வற்புறுத்தாமல் அங்கே எழுதித்தரச் சொல்லுங்கள். போகும்போது ஹார்ட் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ‘பல் எடுக்கத் தகுதியானவர்’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. எந்த வால்வு, எந்த இடத்தில், எந்த வருடம் வைத்தது, ஐஎன்ஆர் எந்த அளவில் இருக்க வேண்டும், வேறு என்ன மாத்திரை, பெனிசிலின் அலர்ஜி உண்டா என்பதெல்லாம் இருக்கட்டும்.

கீழ்ப் பல் ஆறியதும், ஒரு வாரம் பத்து நாள் கழித்து, புதிதாக ஐஎன்ஆர் பார்த்து, அமாக்சிசிலின் திரும்பக் கொடுத்து மேலே இருக்கிற இரண்டையும் எடுக்கலாம். அதற்கப்புறம் அம்மாவின் மற்ற பற்களைப் பாருங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஈறில் ரத்தம் வருகிறதே என்று பயந்து பல் தேய்ப்பதையே குறைத்துவிடுவார்கள். ரத்தம் வருவதற்கு மாத்திரை மட்டும் காரணமில்லை, பல்லைச் சுற்றிப் படிந்த காரை ஈறை வீங்கவைத்திருப்பதும் ஒரு காரணம். தேய்க்காமல் விட்டால் காரை கூடும், ஈறு இன்னும் வீங்கும், அடுத்த பல் ஆட ஆரம்பிக்கும். மெல்லிய பிரஷ்ஷால் காலையும் இரவும் தேய்க்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேலிங் செய்துகொள்ளட்டும். அதற்கும் அசிட்ரோமை நிறுத்த வேண்டாம், ஆனால் வால்வு இருப்பதால் அந்த நான்கு அமாக்சிசிலின் கேப்சூல் அதற்கும் உண்டு.